நாற்பத்தாறில் ஒன்பது

ஈசூன் புளோக்கின் கீழ்த்தளம். மூன்றாம் இரவு.
அப்பாவின் பெட்டியருகே தூங்கிவிடக்கூடாதென்று
பூன் கியட் சீட்டைக் கலைத்தான்.
தோலுரிக்காத கடலைதான் காசு.

என் கையில் இரண்டு ஆட்டின்.
மேசையில் விழுந்த நான்கில் இன்னும் இரண்டு.
பார்க்காத சீட்டு நாற்பத்தாறு,
எனக்கு ஆகிற சீட்டு ஒன்பது.
ஐந்தில் ஒன்று, ஏறத்தாழ.
கட்டலாம்.

ஜெரால்ட் ஆட்டத்தை விட்டு எறிந்தான்;
மின்விசிறிக் காற்றில் இரண்டும் புரண்டன.
இரண்டும் ஆட்டின்.

இனி நாற்பத்துநான்கில் ஏழு.
கட்டில் ஒரு சீட்டும் நகரவில்லை,
மேலே இருந்தது மேலேயேதான் இருந்தது.
நான் பார்த்துவிட்டேன், அவ்வளவுதான்.

இதைச் சொன்னதும் பூன் கியட்
விரலில் சுற்றிய சிவப்பு நூலைத் திருகினான்.
"டாக்டரும் ஐந்தில் ஒன்று என்றுதான் சொன்னார்.
சாயங்காலம் ஸ்கேனைப் பார்த்துவிட்டு எண்ணை மாற்றினார்.
நடுவில் அப்பா ஒரு கோப்பி குடித்தார்.
வேறெதுவும் நடக்கவில்லை."

யாரோ ஊதுபத்தி மாற்றினார்கள்.

கடைசிச் சீட்டுக்கு அவன் கை நீண்டது.
பொறு என்றேன்.
கணக்கு கூடாது என்றது.
இருந்த கடலையை எல்லாம்
நடுவில் தள்ளினேன்,
சீட்டு கவிழ்ந்திருக்கும்போதே.