முக்கால் தாள்

கொருக்குப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம்
ஜெராக்ஸ் கடையில் எனக்கு வேலை.
ஏ4 தாள் என் கைக்குத் தெரியும்,
கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவேன்.
அதனால்தான் அந்த மாதவரத்துப் பையன்கள்
"கூண்டுல ஒரு கோழிக்கு இவ்ளோதாங்கா எடம்" என்று
ஒரு தாளை எடுத்துக் கால்வாசி மடித்துக் காட்டியபோது
மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.
பன்னிரண்டு கொடுங்கள் என்றேன்.

பொன்னேரிக்கு அப்பால் ஏதோ பண்ணை.
முட்டை குறைந்ததும் கழித்துவிடுகிற கோழிகள்.
ஒன்றுக்கு அறுபது ரூபாய் கொடுத்து மீட்டார்களாம்.
அந்த அறுபதில் அவன் புதுக் குஞ்சு வாங்கியிருப்பான்.
இது எனக்கு உறைத்தது நாலு நாள் கழித்து,
தவிடு பிசையும்போது.

மொட்டைமாடியில் அவிழ்த்துவிட்டேன்.
ஓடும் என்று நினைத்தேன்.
விட்ட இடத்திலேயே நின்றன,
கழுத்தில் ஒரு இறகு இல்லாமல்,
அலகு நுனி வெட்டுப்பட்டு,
ஒவ்வொன்றும் தன் முக்கால் தாளுக்குள்.
மணலிக் காற்று அடித்தது. கண் சிமிட்டின.
இரண்டு அப்படியே நின்று செத்தன.
மீதிப் பத்தும் தாளைத் தாண்டிக் கால் வைக்கப்
பதினோரு நாள்.

பிறகு விற்றேன்.

பிரியாணிக் கடை குத்தூஸ் நூற்றுப்பத்து சொன்னார்.
நான் முந்நூறு வைத்தேன்.
சட்டிக்குக் கட்டுப்படியாகாத விலை.
அதுதான் நான் போட்ட வேலி.
சும்மா கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை வரைதான் உயிர்,
காசு கொடுத்தவன் கை கழுத்துக்குப் போகுமுன்
கொஞ்சம் யோசிக்கும்.
இதை எல்லோரிடமும் சொன்னேன்,
யாரும் கேட்காதபோதும்.

கீழ்வீட்டு தேவகிருபை மட்டும்
துணி பிழிந்துகொண்டே கேட்டாள்:
"சொம்மா வந்தத தான விக்குற?"
பிழிந்த தண்ணீர் என் காலில் விழுந்தது.

கணக்கு இருக்கிறது, பாழான ஜெராக்ஸின் பின்பக்கத்தில்.
மக்காச்சோளம், நொய், காசிமேட்டுக் கிளிஞ்சல் தூள்,
சளி மருந்து, ஒரு பழைய கொசுவலை.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பது.
ஏழு விற்று வந்தது இரண்டாயிரத்து நூறு.
மிச்ச இருநூற்று அறுபதுக்கு என்ன பெயர்?
கூலி என்று எழுதினேன். அடித்தேன்.
லாபம் என்று எழுதக் கை வரவில்லை.
பருப்பு டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.

தண்டையார்பேட்டை இன்பவல்லி
வயர்கூடையோடு கடைக்கே வந்துவிட்டாள்.
"மூணு வாரம். ஒரு முட்ட இல்ல.
இடும்னு சொன்னியா, இல்லியா?"

சொன்னேன்.
அன்றைக்கு ஆதார் கார்டு நகலுக்கு
இரண்டு பேர் பின்னால் நின்றார்கள்,
அவள் "இடுமா?" என்றாள்,
நான் "இடும்" என்றேன்.
மூன்று எழுத்து.
பண்ணைக்காரனும் இந்த மூன்றெழுத்தை நம்பித்தானே
கூண்டு அடித்தான்.

டப்பாவிலிருந்து இருநூற்று அறுபது,
என் பர்ஸிலிருந்து நாற்பது.
நஷ்டம் என்றதும் மனசு லேசாகிவிட்டது.
அந்த லேசையும் நான் நம்பவில்லை.

மறுநாள் காலை
கொசுவலை ஓரத்தில் இட்டிருந்தது.
ஓடில்லாத தோல்முட்டை.
உள்ளங்கையில் வைத்தால்
மூச்சு விடுவதுபோல் அசைந்தது.

யாருடையது இது?
பணத்தைத் திருப்பிவிட்டேன், ஆக என்னுடையது.
மூன்று வாரம் தீனி போட்டவள் அவள்.
கோழியைச் சேர்க்காமலே கணக்குப் போடுகிறேன் என்று
பாதிப் படியில் தெரிந்தது.
நின்றேன். பிறகும் இறங்கினேன்,
டம்ளரில் முட்டையோடு.

கேட் போட்டிருந்தான்.
சரக்கு வண்டி. முப்பது பெட்டிவரை எண்ணினேன்.
பக்கத்தில் பைக்கில் நின்றவன்
டம்ளருக்குள் எட்டிப் பார்த்தான்.
"இன்னாக்கா அது, வெலைக்கா?"

வண்டி இன்னும் போய்க்கொண்டிருந்தது.