தடைக்காலம்

சுக்கான் என்று பேர் வைத்தது தேசப்பன்தான்.
எந்தப் பக்கம் போகப்போகுதுன்னு வாலைப் பார்த்தாத் தெரியுது பாரு என்றான்
அது குட்டியாய் இருந்தபோது.

பிறகு அந்த வால்
அரிசி மூட்டைக்கு நேராக நின்று நடுங்கியது.
காயப்போட்ட வலைக்கு, என் செருப்புக்கு,
மூணாம் மாடி ரெஜினாவின் மெழுகுவத்திப் பெட்டிக்கு,
எல்லாவற்றின் மேலும் தன் பேரை எழுதிவிட்டு வரும்.
ராத்திரியானால் ஐஸ் ஃபேக்டரி மதில்மேல்
பச்சைப்பிள்ளை அழுகிற குரலில் சண்டை.
ஐப்பசி மழையில் ஒருநாள் காது கிழிந்து வந்தது.
இறால் டப்பில் உட்காரவைத்து
இன்னொரு டப்பைக் கவிழ்த்துக் கயிறு போட்டு
வேப்பேரிக்குக் கொண்டுபோனேன்.
வால்டாக்ஸ் ரோடு சிக்னல் தாண்டியும்
திட்டிக்கொண்டே வந்தது.
திரும்பும்போது பேசவில்லை.

இப்போது ஏழு மாதம்.
சுவரில் வாடை இல்லை. மதிலுக்குப் போவதில்லை.
வயிறு கொஞ்சம் தொங்கிவிட்டது.
ஆனாலும் விளக்கணைத்த பிறகு
சிவப்புச் சோலாப்பூர் போர்வையின் ஒரு மூலையை
பிடரியைக் கவ்வுவதுபோல் கவ்விக்கொண்டு
பின்கால்களை மாற்றி மாற்றி மிதிக்கும்.
தொண்டைக்குள் ஒரு சத்தம்,
யாரையோ கூப்பிடுவதா
யாரைக் கூப்பிட வேண்டும் என்று யோசிப்பதா, தெரியாது.
கொஞ்ச நேரம்தான்.
விட்டுவிட்டு
ஒன்றுமே நடக்காததுபோல் முன்காலை நக்கும்.

சரியா அறுக்கல, ஏமாத்திட்டானுங்க என்றாள் ரெஜினா.
பசங்கள் செல்போனில் பிடித்துவைத்துச் சிரித்தார்கள்.
போர்வையைப் பரணில் போட்டேன்.
தேசப்பனின் லுங்கியை எடுத்துக்கொண்டது.

மறுபடி டப், மறுபடி கயிறு.
டாக்டர் ஹாஜிரா வாலைத் தூக்கிப் பார்த்தாள்,
வயிற்றை அமுக்கிப் பார்த்தாள்.
எல்லாம் எடுத்தாச்சும்மா.
ரத்தத்துல மிச்சம் இருந்ததுகூட ஒன்றரை மாசத்துல வடிஞ்சிருக்கும்.
உடம்பு கத்துக்கிட்டது வடியாது.
வளந்தப்புறம் பண்ணதால தங்கிடுச்சி.
பயந்தாலும் செய்யும், போரடிச்சாலும் செய்யும்,
சந்தோஷம் வந்தாலும் செய்யும்.
நோவு இல்ல. அடிக்காதீங்க.
ஒண்ணுக்குப் போக முக்கினா மட்டும் உடனே தூக்கிட்டு வாங்க.

பிறகு கேட்டாள்,
வீட்டுல புதுசா ஏதாவது மாறிச்சா?

மாறியிருந்தது.
சித்திரை பிறந்ததும் தடைக்காலம்.
காசிமேட்டில் விசைப்படகெல்லாம்
ஒன்றின் தோளில் ஒன்று உரசிக் கட்டிக்கிடக்க
தேசப்பன் வீட்டில் இருக்கிறான்
அறுபத்தொரு நாள், ஒரே அறை, ஒரே ஃபேன்.
ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து உட்காருகிறான்.
கண் திறக்கவில்லை.
வலதுகை மட்டும் எதையோ பிடித்து
மெல்லத் திருப்பிக்கொண்டிருக்கிறது.
எங்க போற என்றேன்.
எங்கயும் இல்ல என்று படுத்துக்கொண்டான்.

டாக்டர் சொன்னதைச் சொன்னபோது
இன்ஜின் நிறுத்தினாலும் போட் கொஞ்ச தூரம் போவும்ல என்றான்.
ஏழு மாசமாவா என்றேன்.
அதற்கு அவனிடம் பதில் இல்லை.

என்னிடமும் இல்லை.
கர்ப்பப்பையை எடுத்து நாலு வருஷம்.
எடுத்ததைத் தட்டில் வைத்து
இவனுக்குத்தான் காட்டினார்களாம்,
இவ்ளோ சின்னதா இருந்துச்சி என்று கை மூடிக் காட்டினான்.
இன்னமும் சில மாதக் கடைசியில் இடுப்பு கனக்கிறது.
துணி எடுக்க அலமாரிவரை போய்
கதவைத் திறந்தபடி நின்றிருக்கிறேன்.
இனிமேல் உனக்கு நிம்மதி என்று சொன்னவர்கள்
எதைச் சொன்னார்கள் என்று கேட்டுக்கொள்ளவில்லை அப்போது.

பரணிலிருந்து போர்வையை இறக்கிக் கொடுத்துவிட்டேன்.
மூலையில் நூல் பிரிந்து நாலு ஓட்டை.
துவைக்கிறேன், தைப்பதில்லை.

நேற்று ரெண்டு மணி இருக்கும்.
துறைமுக ரோட்டில் கன்டெய்னர் லாரி பின்வாங்குகிற சத்தம்.
கால்மாட்டில் போர்வை அசையத் தொடங்கியது.
தேசப்பன் எழுந்து உட்காரவில்லை.
இருட்டில் அவன் கை
ஐஸும் உப்பும் தின்ற சொரசொரப்போடு
என் பிடரிக்கு வந்தது.

சுக்கான் எங்களைப் பார்க்கவில்லை.
நாங்களும் அதைப் பார்க்கவில்லை.