இரண்டு பேருக்குத் தகுதி

பக்கக் கணக்கில்தான் காசு.
முத்திரைக்குத் தனி. தைக்கும் நூல் இலவசம்.
குத்தாயிசியில், ரொட்டிக்கடைக்கு மேல்மாடியில்
இத்தாலிக்குப் போகும் காகிதங்களை
மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன்.
அடுப்புச் சூடு தரை வழியே ஏறிவரும்;
பிப்ரவரியில் சிலர்
சந்தேகம் கேட்க வந்ததாகச் சொல்லி
காலணியைக் கழற்றிவிட்டு நிற்பார்கள்.

ஜும்பேர் கழற்றவில்லை.
பயணிகளோடு வேனைத் தெருவோரம்
இன்ஜினை அணைக்காமல் விட்டுவந்திருந்தான்.
பின்னால் பையன், ஷால்வா,
அப்பனைவிட ஒரு சாண் உயரம்.
ஏப்ரல் இருபதில் பதினெட்டு.
அதற்குள் விண்ணப்பம் போய்ச்சேர வேண்டும்.
பதினெட்டு முடிந்த பிள்ளை
சட்டத்துக்குப் பிள்ளை இல்லை.

பிறப்புச் சான்றிதழ்.
நதேலாவின் சம்பளச் சீட்டுகள், பன்னிரண்டு மாதத்துக்கு.
பாரி நகராட்சி கொடுத்த ஒற்றைத் தாள்.
அது இத்தாலியனில்தான் இருந்தது, எனக்கு வேலையில்லை.
படித்துச் சொல்லச் சொன்னான்.
"இவ்விருப்பிடம் இரண்டு பேருக்குத் தகுதியுடையது."
இன்னொரு தரம் படிக்கச் சொன்னான்.
விரலை நீட்டி நதேலாவை எண்ணினான்.
அடுத்த விரலில் பையன்.
அடுத்தது
மடங்கியே இருந்தது.
"எனக்கென்ன வயது வரம்பா?
நான் எந்த வருஷமும் புருஷன்தானே" என்று
சிரிக்கவும் செய்தான்.

சம்மதக் கடிதம் அவன் கையெழுத்தில்.
முதல் வரி நோட்டரி சொல்லிக்கொடுத்தது:
என் மைனர் மகன் தாயிடம் நிரந்தரமாக வசிக்க
எனக்கு ஆட்சேபணை இல்லை.
அடுத்த வரி யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல:
அக்ரூட் ஆகாது. உதடு வீங்கும்.
ஒன்பது வயதில்தான் தெரிந்தது.

"தூதரகத்தில் இதை யார் படிப்பார்கள்?"
"யாராவது."

எங்கள் ஊரில் அக்ரூட் அரைத்து ஊற்றாத
விருந்து உண்டா, குழம்பு உண்டா.
எட்டு வருஷமாக இந்த ஆள்
தனியாக ஒரு சட்டி வைத்திருக்கிறான்.
அந்த வரியையும் தட்டினேன்.
பக்கம் ஒன்று கூடியது. கணக்கில் சேர்க்கவில்லை.

கடிதத்தின் அடியில், பெயருக்குப் பக்கத்தில்,
பழக்க தோஷம், "மாமா" என்று எழுதியிருந்தான்.
எங்கள் மொழியில் மாமா என்றால் அப்பா.
அம்மா, தேதா.
கருங்கடலுக்கு அந்தப்பக்கம் போனால்
மாம்மா என்றால் அம்மா.
பாத்ரே என்று தட்டினேன். சரியான சொல்.
அகராதி புரட்டத் தேவையில்லாத சொல்.
ஆனாலும் மேகத்துக்கு மேலே எங்கோ
இவன் வாயிலிருக்கும் அந்த இரண்டெழுத்து
ஆளை மாற்றிக்கொள்ளும்.
காய்ச்சலில் முனகியது, பனியில் கத்தியது,
சட்டியைப் பார்த்து மறுபடியுமா என்று சலித்தது,
பன்னிரண்டு வருஷம் இவன் பெயராக இருந்தது,
இறங்கும்போது அவள் பெயர்.

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.
இந்த மொழியை நான் பள்ளியில் படிக்கவில்லை.
ஃபோஜ்ஜாவில் ஒரு கிழவரின் கட்டிலருகே, ஆறு வருஷம்.
முதலில் கற்றது, வலிக்கிறதா.
பிறகு, அந்தப்பக்கம் திரும்புங்கள்.
இன்னும் ஒரே ஒரு வருஷம் என்பதை மட்டும்
சொந்த மொழியிலேயே சொன்னேன், போனில்,
ஆறு தரம்.

தாள்களை அடுக்கி மூன்று துளையிட்டு
சிவப்பு நூலால் தைத்தேன்.
ஜும்பேர் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"இழுத்தால் அவிழுமா?"
"அவிழ்ந்தால் செல்லாது."
மேசையில் சில்லறையாகக் கொட்டினான்,
காலை நடையின் டிக்கெட் காசு, இன்னும் சூடாக.
கீழே யாரோ பொறுமையிழந்து ஹாரன் அடித்தார்கள்.

இருவரும் தடதடவென்று இறங்கினார்கள்.
பாதிப் படியில் ஒரு குரல்: "மாமா!"

எங்கள் ஊர் அப்பன்கள்
பிள்ளையையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.
யார் யாரைக் கூப்பிட்டதென்று
எனக்குத் தெரியவில்லை.