சுவரில் முப்பத்தெட்டுப் பேர்

டெலோக் ஆயர் கடையில், கல்லாவுக்கு மேலே,
கண்ணாடி போட்ட வரைபடம்: எர்மான்னோவின் ஊர்.
பெயர் ப்ராதொலூங்கா.
மொத்தமே முப்பத்தெட்டுப் பேர் என்பார்.
ஈசூனில் எங்கள் புளோக்கின் ஏழாவது மாடியை
அப்படியே பெயர்த்துக் கொண்டுபோனால்
அந்த ஊரில் உட்கார இடமிருக்காது.

ரொட்டிக்கு ஆறு கிலோமீட்டர், வால்மெர்னா.
மருந்துக்குப் பதினொன்று, காஸ்தெல்ரோசோ,
அதுவும் வியாழக்கிழமை மூடியிருக்கும்.
பாவமன்னிப்புக்கு மட்டும் நடந்தே போகலாம்:
மேட்டில் சான் ரொக்கோ,
ஆற்றோரம் சாந்தா லூச்சியா,
சாவி பக்கத்து வீட்டு ஆணியில்.

ஒன்பது வருஷம் துடைத்ததில்
எனக்கு வழி மனப்பாடம்.
பாலத்தில் இடப்பக்கம் திரும்பினால் நாய் இருக்கும்.
படத்தில் நாய் இல்லை. அவர் சொன்னது.

டிசம்பர் மழையில் ஏர்கான் ஒழுகி
கண்ணாடிக்குள் ஈரம் இறங்கியது.
பூஞ்சணம் மெல்ல மேடேறிக்கொண்டிருந்தது.
கடை அடைத்தபின் சட்டத்தைக் கழற்றி
ஈரத்துணியால் ஒரே ஓர் இழுப்பு.
சான் ரொக்கோ துணியோடு வந்துவிட்டார்,
எலுமிச்சை சோப்பு வாசத்துடன்.

ஆர்டர் எழுதும் நீலப் பேனாவால்
திரும்ப வரைந்தேன்.
எனக்குத் தெரிந்த மாதா கோயில்
ஓஃபிர் ரோட்டில் இருப்பது ஒன்றுதான்.
பஸ் ஜன்னலில் பார்த்த கூர்முனையை
இத்தாலி மேட்டில் நட்டுவைத்தேன்.
மூன்று வாரம் யாரும் கவனிக்கவில்லை.
நான் மட்டும் கல்லாவைக் குனிந்து கடந்தேன்.

தைப்பூசத்துக்கு முதல் நாள்
அவர் தங்கை ஒத்தாவியா வந்தாள்.
படத்தருகே போனாள். விரல் மேட்டில் நின்றது.
இருவரும் வேகவேகமாக என்னவோ பேசினார்கள்;
ரொக்கோ மட்டும் எனக்குப் புரிந்தது.
துணியை மடித்தேன், விரித்தேன், மடித்தேன்.

"நாகா" என்றார். நாகேஸ்வரி அவர் வாயில் நுழையாது.
அந்தக் கோயில் இப்போது இல்லையாம்.
போன வருஷப் பனியில் கூரை விழுந்து,
மிச்சச் சுவரையும் இடித்து
கல்லை லாரியில் அள்ளிவிட்டார்களாம்.
அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அப்படியானால் நான் துடைத்தது சரி,
வரைந்ததுதான் பிசகு.

அழிக்கட்டுமா என்று துணியை எடுத்தேன்.
பேனாவைக் கேட்டார்.
கூர்முனைக்குப் பக்கத்தில்
ஒரு சின்ன மணி போட்டார்.
சரியாக வரவில்லை, கத்தரிக்காய் போல இருந்தது.
அதன்மேலேயே இன்னொரு முறை போட்டார்.

நாலாம் மேசை கை தூக்கிக்கொண்டிருக்கிறது.
பேனா இன்னும் அவரிடம்.