சிவக்காத தூண்

துளை போட்ட குழியில்
மருந்தைச் சொட்டினேன்.
நல்ல கான்கிரீட் என்றால் சிவக்கும்,
ரோஸ்மில்க் சிந்தியதுபோல.
சிவக்கவில்லை.
இன்னும் ஒரு விரல் ஆழமாய்த் துளைத்து
இன்னொரு சொட்டு.
வெறும் தண்ணீராய் வழிந்தது.
அந்தத் தூணுக்கு வெட்கம் செத்து
எத்தனை வருடமோ.

சயான் கோலிவாடா. நாலு மாடி.
நாற்பத்தொரு குடித்தனம்.
ஹாமர் கருவி பதினாலு காட்டியது,
மூலைத்தூணில் பன்னிரண்டு.
பூச்சைப் பெயர்த்தால்
உள்ளே கம்பி, அப்பளம்போல் நொறுங்கியது.

'சி-டூன்னு போட்டுடுங்க மேடம்,
ரிப்பேர் பண்ணிக்கிறோம்' என்றாள் மரியபுஷ்பம்.
நான் தமிழ் என்று தெரிந்ததும்
ஊர் கேட்டாள், கேட்டுவிட்டு டீ போட்டாள்.
'சி-ஒன் போட்டீங்கன்னா
மழைக்கு முந்தி மான்குர்டுல கொண்டு தள்ளிடுவாங்க.
பக்கத்து பில்டிங்காரங்க போயி பதினோரு வருஷமாச்சு.
யாரும் திரும்பி வரல.'
டம்ளருக்குள் டீ
ஒரு பக்கம் விளிம்பைத் தொட்டு நின்றது.
தரையின் சாய்வைப் பற்றி
இருவருமே பேசவில்லை.

சாயங்காலம் நிலேஷ் சாவ்லா வந்தார்,
பில்டருக்கு வேண்டியவர்.
'நீங்க பார்த்ததை அப்படியே எழுதுங்க மேடம், அது போதும்.'
பேடா பெட்டி. பேடாவுக்கு அடியில் கவர்.

பொய் எழுதத்தான் பணம் தருவார்கள் என்று
இருபத்திரண்டு வருடமாய் நினைத்திருந்தேன்.

பெட்டியை அப்படியே நகர்த்தினேன்.
கோபப்படவில்லை அவர்.
'வாங்காட்டியும் வாங்கினதாத்தான் பேசுவாங்க' என்றார்,
மழை வரும் என்பதுபோல.

அன்றிரவு அடுப்பங்கரை மேசையில்
ரிப்போர்ட் திறந்து கிடந்தது.
சி-டூ என்று எழுதினால்
என் கை சுத்தம் என்பது ஊருக்கே தெரியும்.
ஒரே ஒரு பொய்.
எல்லாரும் வாழ்த்துவார்கள்,
ஜூலையில் ஓர் இரவு வரை.
அந்த இரவு வராமலும் போகலாம்.
அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

எங்கள் படிப்பில் மனிதர்களுக்குப் பெயர் லைவ் லோடு.
சதுர மீட்டருக்கு இருநூறு கிலோ.
அலமாரி, கட்டில், கல்யாணக் கூட்டம்,
எல்லாம் அதற்குள் அடக்கம்.
மான்குர்டிலிருந்து இரண்டு பஸ் மாறி
பள்ளிக்கூடம் வரப்போகும் பையனின் எடை
எந்தப் பட்டியலில் இருக்கிறது
என்று தேடிப் பார்த்தேன்.
நிஜமாகவே புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன்.

சி-ஒன்.
கையெழுத்து. முத்திரை.
கீழே ஒரு வரி சேர்த்தேன்:
இதே வார்டில் மாற்று வீடு கொடுத்த பிறகே
காலி செய்யச் சொல்ல வேண்டும்.
வார்டு ஆபீஸ் கிளார்க் படித்தார்.
'இதுக்கு ஃபாரத்துல கட்டம் இல்லையே மேடம்.'
பேனாவால் நேராக ஒரு கோடு.
ஸ்கேல் வைத்து அடித்தார்.

மே கடைசியில் டெம்போக்கள் வந்தன.
போக வேண்டிய கட்டாயம் இல்லை, போனேன்.
மிக்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு
மரியபுஷ்பம் என்னைக் கடந்தாள்.
பிறகு நின்றாள்.
'எவ்வளவு மேடம்?'

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம்.
வாங்கினவள் சொல்வதும் அதே வார்த்தைதான்.

ஜூன் போயிற்று.
ஜூலையில் மூன்று நாள் தண்டவாளமே தெரியவில்லை.
ஹார்பர் லைனில் ஜி.டி.பி. நகர் தாண்டும்போது
கழுத்து தானாகத் திரும்புகிறது.
ஜன்னல்களைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.
மூன்றாம் மாடியில் அரசங்கன்று ஒன்று.
மூலைத்தூண் நனைந்து கறுத்து
நிற்கிறது.

அதற்குள் இப்போது யாரும் இல்லை.
ஒரு கொடிக்கயிறு மட்டும் இருக்கிறது.

விழேன், என்கிறேன்.
கம்பியைப் பிடித்துத் தொங்கும் கூட்டத்தில்
என் உதடு அசைந்ததை
ஒரு பெண் பார்த்துவிட்டாள்.
காது மடல் சுடுகிறது.
அடுத்து வடாலா.
இறங்க வேண்டும்.