தொண்ணூற்று நாலு

அரவேணு வளைவில் வண்டியை ஓரங்கட்டினேன்.
பின்னால் கரும்புகை, முன்னால் நிற்காத ஃபேன்,
டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு.
சூடு காட்டும் முள் மட்டும் நடுவில்,
ஒன்றும் நடக்காதவன் முகத்தோடு.

பின்சீட்டில் ஐஸ்பெட்டி.
அதற்குள் நாற்பத்தோரு பேரின் ரத்தம்,
பெயர் ஒட்டி, ரப்பர் மூடி போட்டு.
எட்டு டிகிரியைத் தாண்டக்கூடாது.
பத்து மணிக்குள் மேட்டுப்பாளையம் சேரவேண்டும்.

யோகநாதன் ஸ்கேனரை மாட்டிவிட்டுச் சிரித்தான்.
"அக்கா, உங்க இன்ஜின் மைனஸ் நாப்பதுல இருக்கு."
உறைபனி விழும் ஜனவரியில்கூட
இந்த மலை அந்த எண்ணைப் பார்த்ததில்லை.
பானட்டில் கை வைக்க முடியவில்லை.

ஒரே தண்ணீருக்குள் ரெண்டு சென்சார், என்றான்.
ஒன்று முள்ளிடம் பேசும், நாம் பார்க்க.
மற்றது கம்ப்யூட்டரிடம்.
நமக்குச் சேதி வந்துவிட்டது.
அதற்கு வரவில்லை.
சேதி வராத வீடு மாதிரி
கெட்டதையே நினைத்து நினைத்து
பெட்ரோலைக் கொட்டுகிறது, ஃபேனை ஓட்டுகிறது.

ஆறட்டும் என்று காத்திருந்தோம்.
ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறந்த தழும்பு
அவன் முன்கையில், மாங்கொட்டை அளவு.

பிறகு காற்றுக்குழாயை விலக்கி
தெர்மோஸ்டாட் கூட்டுக்கு அடியில்
கண் எட்டாத இடத்துக்கு விரலை அனுப்பினான்.
ஒற்றை ஒயர் முள்ளுக்கு. அதை விடு.
இரட்டை ஒயர், இதுதான்.
பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர், அரைச்சுற்று,
ஒரு கை பச்சைத் தண்ணீர் மண்ணில்.
வெளியே வந்தது
பித்தளை மூக்கோடு ஒரு சின்னப் பொருள்.

ஹனீபா கடைக் கெட்டிலில் அதைத் தொங்கவிட்டோம்.
குளிரில் முரண்டு பிடிக்கும்,
சூடு ஏற ஏற விட்டுக்கொடுக்கும்.
அதன் குணமே அவ்வளவுதான்.
மீட்டரில் ஓம் இறங்கியது:
இரண்டாயிரம். எண்ணூறு. முந்நூற்று இருபது.
தண்ணீர் தளதளத்துக் குதித்தது.
இருநூற்றுப் பதினெட்டு.
அதற்குக் கீழே ஒரு படி இறங்கவில்லை.

கொதிநிலைக்கு நூற்று எண்பத்தாறு
என்றது அவனுடைய அட்டவணை.
"செத்துப்போச்சுக்கா. புதுசு ஆயிரத்து நானூறு,
கோயமுத்தூர்லருந்து வரணும்."

ஐஸ்பெட்டியின் தெர்மாமீட்டரை உருவினேன்.
கம்பியைக் கெட்டிலுக்குள் விட்டேன்.
தொண்ணூற்று நாலு.
பொங்கிக்கொண்டே தொண்ணூற்று நாலு.
ஹனீபா அடுப்பைக் கூட்டினார்.
அதேதான்.

அட்டவணை போட்டவன்
கடலோரம் எங்கோ உட்கார்ந்து போட்டிருக்கிறான்.
இந்த உயரத்தில் தண்ணீருக்கு
நூறுவரை பொறுமை கிடையாது.
என் வீட்டுத் துவரம்பருப்புக்குத் தெரியும் இது,
எனக்குத்தான் இங்கே வந்து நினைவு வந்தது.
தொண்ணூற்று நாலுக்கு இருநூற்றுப் பதினெட்டு
மிகச் சரியான பதில்.

யோகநாதன் எதுவும் பேசாமல் போய்
சாக்கெட்டைத் திருப்பி வெயிலுக்குக் காட்டினான்.
இரண்டு பின்னில் ஒன்று பச்சை பூத்திருந்தது.
எத்தனை மாத மூடுபனியோ.
உப்புத்தாளைத் தீக்குச்சியில் சுற்றித் தேய்த்தான்,
ஊதினான், மறுபடி தேய்த்தான்.

முப்பத்தாறு என்றது ஸ்கேனர்.
நாற்பத்தொன்று.
ஃபேன் நின்றது.
அப்போதுதான் கேட்டது
கீழ்த்தோட்டத்தில் தேயிலை வெட்டும் மெஷின்.

நூற்றைம்பது ரூபாய், மூன்று டீ.
ஹனீபா கெட்டில் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டி
சாம்பல் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார்,
எங்களைத் திரும்பிப் பார்க்காமல்.

கம்பியைக் கழுவித் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தேன்.
தொண்ணூற்று நாலிலிருந்து அது இறங்கிவர
நேரம் எடுத்தது.
ஏழு.

இன்னும் இருபத்தேழு கிலோமீட்டர்.
ஒரு டிகிரி.