ஒரு மணி பதினொன்று

ஈசூனில் ஒரு பல மாடிக் கார் நிறுத்தம்,
அதன் மொட்டை மாடி.
யாரும் வண்டி விடாத மூலையில்
பழைய பெயின்ட் டப்பா, டப்பாவுக்குள் சிமெண்ட்,
சிமெண்டில் ஊன்றிய மூங்கில் கழி.
என் ஆய்வுக்கூடம் இவ்வளவுதான்.

ஞாயிறுதோறும் சுண்ணக்கட்டியால் குறிக்கிறேன்,
நிழல் எங்கே முடிகிறதென்று.
திங்கள் முதல் சனி வரை
துவாஸில் கண்டெய்னர் ரசீதுகளைச் சரிபார்க்கிறேன்.
இரண்டும் ஒரே வேலை என்றுதான் எனக்குப் படுகிறது:
வந்தது இவ்வளவு, எழுதியது இவ்வளவு,
நடுவில் காணாமல் போனது எவ்வளவு?

காணாமல் போனது ஒரு மணி நேரம்.
இந்தத் தீவின் கடிகாரம் சூரியனை முந்தி ஓடுகிறது.
எண்பத்திரண்டில் அரை மணி முன்னே தள்ளினார்கள்;
அதற்கு முன்பும் தள்ளியிருக்கிறார்கள்.
பன்னிரண்டு அடிக்கும்போது உச்சி வந்திருக்காது.
மார்ச் கடைசியில் அது ஒரு மணி பதினொன்றுக்கு வரும்,
எந்த அவசரமும் இல்லாமல்.

இருபது பக்கம் எழுதினேன்.
கருத்தரங்குப் படிவத்தில் ஒரு கட்டம்: சார்ந்த நிறுவனம்.
காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்க மறுத்தது.
'பிளாக் 743' என்று அடித்தேன். திறந்தது.
மூன்று மாதம் கழித்து வருத்தம் தெரிவித்தார்கள்,
எனக்கா பிளாக்குக்கா, தெரியவில்லை.

அக்கா மகன் இளம்பரிதி சொன்னான்,
'சித்தி, முப்பது நொடியில சொல்லுங்க, நான் போடறேன்.'
போட்டான். நாற்பத்தோரு இதயங்கள்.
ஒருவர் கேட்டிருந்தார், அந்தத் தொப்பி எங்கே வாங்கியது?
தேக்காவில் என்று பதில் எழுதிவிட்டு
செயலியை நீக்கினேன்.

கோபமெல்லாம் இல்லை.
தனியாக யோசிப்பதில் ஒரு சிரமம் உண்டு, அவ்வளவுதான்:
தவறும் நம்மோடு தனியாகவே வளரும்.
கழி இரண்டு டிகிரி சாய்ந்திருந்தது,
நான்கு ஆண்டுகளாக.
தூக்குநூல் கட்டிப் பார்த்த அன்று
இரண்டு நோட்டுகளைக் குப்பைக் குழாயில் போட்டேன்.
பதினோரு மாடி விழுந்தன. கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகொரு ஞாயிறு,
தரையில் நீர்க்கசிவை அடைக்க வந்தார் மொஃபிஸ்.
ராஜ்ஷாஹிக்காரர். சைட்டில் கற்ற தமிழ்.
'அக்கா, என்ன அளக்குற?'
இருபது பக்கத்தையும் நாலு வாக்கியத்தில் சொன்னேன்.
தலைக்கவசத்தைக் கழற்றி
நிழலையே கொஞ்ச நேரம் பார்த்தார்.
'அப்ப சரிதான். பன்னெண்டுக்கு சாப்பாடு,
லாரிக்கு அடியில தூக்கம். ஒண்ணுக்கு விசில்.
வெயில் மண்டைக்கு நேரா வர்றது அதுக்கப்புறம்தானே?'

ஏழு ஆண்டு அளந்தவள் நான்.
ஓய்வு முடியும் இடத்தையும்
உச்சி வரும் இடத்தையும்
ஒரே கோட்டில் வைத்துப் பார்த்ததில்லை.
என் அலுவலகத்தில் ஏர்கான் பதினெட்டில் ஓடுகிறது.

இருபது பக்கத்தை ஓரமாக வைத்துவிட்டேன்.
புது நோட்டு. முதல் வரி அவர் கேட்ட கேள்வி,
அவர் கேட்ட தமிழிலேயே,
கீழே அவர் பெயர்.

மார்ச் இருபத்து நான்கு. லீவு போட்டேன்.
கழி தன் நிழலைத் தானே விழுங்கவேண்டிய நாள்.
தெங்காவில் ஏதோ ஒரு மாடியில்
மொஃபிஸுக்கு விசில் ஊதிப் பதினோரு நிமிடம் ஆகியிருக்கும்.
மேகம். அப்புறம் மழை.
சுண்ணக்கோடு கரைந்து வடிகாலுக்குள் போனது.
'அளவு இல்லை' என்று எழுதி மூடினேன்.

மறுபடி செப்டம்பர் பத்தொன்பது.
கணக்குப்படி அன்று உச்சி
பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கே வந்துவிடும்.
விசிலுக்கு இரண்டு நிமிடம் முன்னால்.
அப்போது அவர் லாரிக்கு அடியில் இருப்பார்.